ஒரு வாரக் கையிருப்பு

இடர் நாள் குறித்துக்கொண்டு வருவதன்று. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வட இந்திய மின்தொடர் செயலிழந்து, கோடிக்கணக்கான மக்கள் மின்சாரமின்றித் தவித்தனர். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் நின்றன. பாலுக்கும் பஞ்சம் வந்தது. 2020 மார்ச் 24 அன்று இரவு எட்டு மணிக்கு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, அது நடைமுறைக்கு வர நான்கு மணி நேரமே இருந்தது. 2023 ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டர் உயரத்தை எட்டியபோது, தில்லியில் மூன்று குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட நேர்ந்தது. ஆறு பெருகிற்று, குழாய் வறண்டது!

இவை வெவ்வேறு இயல்பின. ஆயினும் விளைவு ஒன்றே: சில நாட்களுக்குக் கடையையும் குழாயையும் மின்விளக்கையும் நம்ப இயலாது. ஊரில் இருப்பவர்க்கு அடுத்த தெருவில் அத்தையோ சித்தப்பாவோ உண்டு. வாடகை அறையில் இருவர் மூவராகத் தங்கிப் பயிலும் நமக்கு அந்தத் துணை இல்லை. ஆதலின் நண்பர்களே, ஓர் ஆளுக்கு ஒரு வாரத்திற்கு எவை வேண்டும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

1. உணவு

கடின உழைப்பில்லாத ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 கலோரி போதும். அரிசி 400 கிராம் சுமார் 1,400 கலோரியும், பருப்பு 100 கிராம் 340 கலோரியும், எண்ணெய் 30 கிராம் 270 கலோரியும் தரும். ஏழு நாட்களுக்குப் பெருக்கினால் அரிசி 2 கிலோ 800 கிராம், பருப்பு 700 கிராம், எண்ணெய் கால் லிட்டர் அளவு. ஒரு சிறு பெட்டிக்குள் அடங்கும் பொருள்தானே இது!

வாங்குவது எளிது, கெடாமல் காப்பதே அறிவியல். தானியத்தில் ஈரம் 14 விழுக்காட்டுக்கு மேற்பட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக் காலக் காற்று அந்த ஈரத்தைத் தானே கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே கழுவி நன்கு உலர்த்திய, காற்றுப் புகாத டப்பாவில் நிரப்புக. ஈரக் கரண்டியை உள்ளே இடற்க. மாவைவிட முழுத் தானியம் நெடுநாள் நிற்கும். அரைத்தவுடன் தானியத்தின் எண்ணெய் காற்றுடன் கலந்து சிக்கு வாடை கொள்ளும். தவிடு நீக்காத அரிசி விரைவில் கெடுவதற்கும் தவிட்டிலுள்ள எண்ணெயே காரணம்.

எரிபொருளும் இல்லையெனில் என் செய்வது? நம் பாட்டிமார் அறிந்த அவல் இருக்கிறது. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடிக்கும்போதே அதன் மாப்பொருள் வெந்துவிடுகிறது. எனவே தூய நீரில் நனைத்தாலே உண்ணலாம். அவலுடன் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் சிறிது இருக்கட்டும்.

2. நீர்

குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று கொண்டால், 20 லிட்டர் கேன் ஒருவருக்கு நான்கு நாள் வரும். பிறகு கிடைக்கும் நீரைத் துணியில் வடிகட்டி, நன்கு கொதித்த பின்னும் ஒரு நிமிடம் கொதிக்க விடுக, நோய்க்கிருமிகள் மடியும். ஆனால் நீரில் கரைந்துள்ள இரசாயன நஞ்சு இதனால் நீங்காது. அடுப்பில்லாதபோது குளோரின் மாத்திரை உதவும். உறையில் சொன்ன அளவில் இட்டு, சொன்ன நேரம் வரை காத்திருக்க வேண்டும். பிளீச்சிங் பவுடரோ காற்றும் ஈரமும் பட்டு நாளடைவில் வலுவிழக்கும்; பழைய பொட்டலத்தை நம்பற்க.

3. மருந்து

அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கில், உடலின் நீர் வற்றுவதே உயிருக்கு ஆபத்து. 1971-இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகாலனபீஸ் பங்காவ் முகாமில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகச் செய்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே குடற்சுவரைக் கடக்கின்றன. நீர் அவற்றைப் பின்தொடர்கிறது. இதுவே அம்மருந்தின் இரகசியம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சிலவற்றை வைத்திருப்பதே நன்று. அவை இல்லாவிடில், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கரைக்கலாம். உப்பு மிகுதல் தீங்கு. நாள்தோறும் மருந்து உண்பவர்கள் ஒரு வாரத்திற்கு உரியதைக் கூடுதலாக வைத்திருப்பாராக.

4. ஒளியும் பிறவும்

டார்ச் விளக்கு வேண்டும். மின்கலங்களைத் தனியே எடுத்து வைத்தால் அவை கசிந்து விளக்கைக் கெடுக்கமாட்டா. கைப்பேசிக்கு மின்னேற்றிய பவர் பேங்க் ஒன்று. மின்சாரமும் இணையமும் நின்றால் கைப்பேசிப் பணம் செல்லாதாகையால் சில்லறை நோட்டுகள் சில. குளிருக்கு அஞ்சி, இங்கே அங்கீட்டி எனப்படும் கரியடுப்பை மூடிய அறையில் மூட்டுதல் கூடவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குவோர் உறங்கியபடியே மாள்வர்.

சேமிப்பா, பதுக்கலா?

இவ்வளவும் சொன்னால், "இது பதுக்கல் அன்றோ?" என்று சிலர் கேட்கலாம். பண்டங்கள் தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் வாரந்தோறும் ஒரு பொருளாக வாங்கிச் சேர்ப்பது சேமிப்பு; பிறர்க்கு அதனால் குறைவில்லை. இடர் வந்த அன்று ஓடிச்சென்று மூன்று மாதத்திற்கு அள்ளுவதே கேடு. அன்றாடக் கூலி பெற்று அன்றன்று அரிசி வாங்கும் ஏழைக்கு அப்போது வெறும் பலகையே எஞ்சும். முன்னரே சேமித்தவன் அந்த நாளில் கடை வரிசையில் நில்லான். தன் இடத்தை இல்லாதவனுக்கு விட்டுக்கொடுக்கிறான். ஆகவே இது தன்னலமன்று, சமூகக் கடமை.

இறுதியாக ஒரு விதி: முந்தி வாங்கியதை முந்திச் செலவிடுக, செலவிட்டதை உடனே நிரப்புக. ஒவ்வொரு டப்பாவிலும் வாங்கிய நாளை எழுதி ஒட்டுக. விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படுமுன் பழையதைச் சமைத்து முடிக்கலாம். இம்மாதச் சாமான் பட்டியலில் ஒரு பொட்டலம் அவலைக் கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள். தொடக்கத்திற்கு அது போதும்.