பத்திரங்களில் தெளிந்த தமிழ்

நிலம் வாங்குதல், விற்றல், ஈடு வைத்தல், மக்களுக்குப் பாகம் பிரித்தல் ஆகியவை குடியானவர் வாழ்வில் அடிக்கடி நிகழ்வன அல்ல. ஆனால் நிகழும்போது, ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் சில தாள்களில் அடங்கிவிடுகின்றது. அத்தாள்களின் வாசகம் விளங்காமல் கையெழுத்திடுகிறவர், தாம் எதைக் கொடுத்தோம், எதைப் பெற்றோம் என்பதை அறியாமலே வீடு திரும்புகின்றார். ஆகவே, பத்திரத்தை எளிய தமிழில் எழுதுவது மொழியழகைப் பற்றிய செய்தி அன்று; நிலத்தைக் காத்துக்கொள்ளும் வழியாகும்.

பழைய வாசகங்கள்

பழைய கிரயப் பத்திரங்களில் “நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண” என்றும், “தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்” என்றும், “புத்திர பௌத்திர பாரம்பரியமாய்” என்றும் நீண்ட தொடர்கள் வருவதைப் பலரும் கண்டிருப்பர். நிலத்திலுள்ள புதையல், நீர், மரம், கல் முதலியவற்றின் உரிமையை முதல் தொடர் குறிக்கின்றது. தானம் செய்யவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உள்ள உரிமையை அடுத்தது குறிக்கின்றது. “இந்நிலத்தையும் இதிலுள்ள நீர், மரம், கல் ஆகியவற்றையும் தாங்களும் தங்கள் சந்ததியாரும் முழு உரிமையுடன் அனுபவிக்கலாம், விற்கவும், தானம் செய்யவும், மாற்றிக்கொள்ளவும் தங்களுக்கு உரிமை உண்டு” என்று எழுதினால் பொருள் சிறிதும் குறையாது.

ஆயினும் கிரயம், அடமானம், போக்கியம், குத்தகை போன்ற சொற்களை நீக்கிவிடலாகாது. அவற்றுக்குச் சட்டத்தில் நிலைத்த பொருள் உண்டு. அவற்றை வைத்துக்கொண்டு, பக்கத்திலேயே அவற்றின் பயனை விளக்கமாக எழுதுவதே முறை.

கிரயமா, ஈடா?

பண்பொழியில் ஒருவர் மகளின் திருமணத்திற்காகக் கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் கொடுப்பவர், “பெயருக்குக் கிரயமாக எழுதிக் கொடும், பணத்தைத் திருப்பியதும் நிலத்தைத் திருப்பி எழுதித் தருகிறேன்” என்கிறார். வாய்ச்சொல்லை நம்பி இவரும் கையெழுத்திடுகிறார். பின்னர் வழக்கு எழுந்தால் நிலைமை என்ன?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 1929-இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டது. அதன்படி, திருப்பித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தாலன்றி, அதை நிபந்தனைக் கிரய அடமானமாகக் கொள்ள இயலாது. எழுத்துக்கு மாறான வாய்மொழியைக் கொண்டு நிலத்தை மீட்பது மிகவும் கடினம். அதுவே அடமானம் என்று எழுதப்பட்டிருப்பின், மீட்கும் உரிமை பிறந்த நாளிலிருந்து 30 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்து நிலத்தை மீட்க இடமுண்டு. ஒரு சொல்லின் வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் நிலம் நிற்கின்றது!

“விடுதலைப் பத்திரம்” என்னும் பெயரும் இத்தகையதே. இந்து வாரிசுரிமைச் சட்டம் 2005-இல் திருத்தப்பட்டபின், கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்புரிமை உண்டு. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் சகோதரி அவ்வுரிமையை விட்டுக்கொடுக்கின்றார். “இச்சொத்தில் எனக்குள்ள பாகத்தை இன்ன தொகை பெற்றுக்கொண்டு விட்டுவிடுகிறேன், இனி எனக்கு இதில் உரிமை இல்லை” என்று வெளிப்படையாக எழுதுவதே நேர்மை.

சொத்து விவரம்

பத்திரத்தின் பிற்பகுதியில் வரும் சொத்து விவரமும் தெளிவாக இருத்தல் வேண்டும். நிலத்தை அடையாளங் காணப் போதிய விவரம் வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 21-ஆம் பிரிவில் கூறுகின்றது. “வடக்கே இன்னாருடைய நிலம்” என்று மட்டும் எழுதினால், முப்பது ஆண்டுகளில் அந்த இன்னார் மாறிவிடுவார். புல எண், உட்பிரிவு எண், பரப்பு, வாய்க்கால், பாதை ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால் குழப்பம் இராது. இவ்வூரின் பெயரே பைம்பொழில், பண்பொழி, பம்புளி எனப் பலவாறாக வழங்குகின்றது. ஆதலால் புல எண் இன்றியமையாதது.

பண்பொழி இன்று அமைந்துள்ள செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி, 1956 நவம்பர் 1-ஆம் நாள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கொல்லம் ஆண்டுக் கணக்கில் அந்நாள் 1132 ஆகும். கொல்லம் ஆண்டிட்ட மூலப் பத்திரத்தை மேற்கோள் காட்டும்போது ஆங்கில ஆண்டையும் உடன் எழுதுக. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கோட்டை, மரக்கால் விதைப்பாடு என்றிருந்தால், அளந்து கண்ட செண்டுக் கணக்கையும் ஹெக்டேர்க் கணக்கையும் குறிப்பிடுக. 100 செண்டு ஓர் ஏக்கர், ஏறத்தாழ 2.47 ஏக்கர் ஒரு ஹெக்டேர். கிணற்றில் எத்தனை பாகம், எந்த நாளில் இறைவை, வண்டிப்பாதையின் அகலம் என்ன என்பவற்றையும் விடாது எழுதுக.

முன்னோர் காட்டிய வழி

இக்கருத்து புதியதன்று. மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை, உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் திரட்டிச் “சித்தாந்த சங்கிரகம்” என்னும் பெயரில் 1862-இல் தமிழில் வெளியிட்டார். இங்கிலாந்திலும், மக்கள் அறியாத பிரெஞ்சு மொழியில் வழக்காடியதை மாற்றி, ஆங்கிலத்தில் வழக்காட வேண்டும் என்று 1362-இல் சட்டம் செய்தனர்.

நாம் செய்யத்தக்கவை

கையெழுத்திடுமுன் பத்திரம் முழுவதையும் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பின்னர் அதன் பொருளை உங்கள் சொந்தச் சொற்களில் எழுத்தரிடம் திருப்பிச் சொல்லுங்கள். ஒத்துவராத இடத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கள். நிரப்பப்படாத இடம் உள்ள தாளில் கையெழுத்திடாதீர்கள். “மேற்படி” என்று வரும் இடந்தோறும் எதைக் குறிக்கின்றது என்று கேளுங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலுள்ள தமிழ் மாதிரிப் பத்திரங்களைப் படித்த இளைஞர்கள் எடுத்து, ஊர் நூலகத்தில் மற்றவர்களுக்கு விளக்கலாம். ஆவண எழுத்தர்களும் இம்முயற்சிக்குத் துணை நிற்பார்களாயின், நாளைய வழக்குகள் பல இன்றே தவிர்க்கப்படும். பாடுபட்டுச் சேர்த்த நிலமும் உரியவரிடமே நிலைக்கும்.