மரத்தின் பேரேடு

மட்டாஞ்சேரி,
கொச்சி.

சிரஞ்சீவி கோமதிக்கு மாமா எழுதிக்கொண்டது.

தென்காசியில் உங்கள் பள்ளிக்கூடத்தார் மரக்கன்று நட்ட விவரத்தையும், “உலகமெங்கும் இப்படியே நட்டுவிட்டால் பூமியின் சூடு தணிந்துவிடாதா, மாமா?” என்ற உன் கேள்வியையும் படித்தேன். ஆயுளில் பெரும்பகுதியை மிளகுப் பண்டகசாலையில் பேரேடு எழுதிக் கழித்தவனிடம் விஞ்ஞானம் கேட்கிறாளே என்று முதலில் சிரித்தேன். யோசிக்க யோசிக்க, இது கணக்கன் பதில் சொல்லத்தக்க கேள்விதான் என்று தோன்றிற்று.

மரம் காற்றிலிருந்து கரியமிலவாயுவை உட்கொண்டு, அதிலுள்ள கரியைத் தன் தண்டிலும் வேரிலும் சேமிக்கிறது. வெட்டி எரித்தால் அந்தச் சேமிப்பு மீண்டும் காற்றுக்கே போய்ப் பூமியைச் சூடாக்குகிறது. இதை உன் பாடபுத்தகமே சொல்லும். ஆனால் பேரேட்டில் ஒரு பத்தியை மட்டும் கூட்டிவிட்டு லாபம் என்று சொல்லுகிற குமாஸ்தாவை எந்த முதலாளியும் மறுநாள் வைத்துக்கொள்ளமாட்டார். மரத்துக்கு இன்னும் இரண்டு பத்திகள் உண்டு.

அவற்றைக் காண, நீ இங்கு வந்திருந்தபோது நாம் போன கோட்டைக் கொச்சித் தோபிகானாவை நினைத்துக்கொள். டச்சுக்காரர் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களென்று சொல்லப்படும் வண்ணார் குடும்பத்தார் அங்கே வெளுத்துக் காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்புகளைப் பார்க்க முடியாமல் நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டாய் அல்லவா? வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. கருமையோ அதை விழுங்கிச் சூடேறுகிறது. ஈர விரிப்புகளுக்கிடையே நுழைந்தபோது உடம்பில் குளுமை பட்டதே, அது மற்றொரு பத்தி: நீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காடு இவ்விரண்டையும் ஒருங்கே செய்கிறது. கரும்பச்சையாக இருப்பதால் வெயிலை உறிஞ்சுகிறது, இலைவழியே நீரை ஆவியாக்குவதால் குளிர்விக்கிறது.

இம்மூன்று பத்திகளையும் ஒரே ஏட்டில் கூட்டிப் பார்த்தவர்களுள் ஒருவர் கோவிந்தசாமி பாலா என்னும் விஞ்ஞானி. இப்பொழுது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர். அதற்கு முன் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, காற்றும் கடலும் நிலமும் தாவரமும் கரியும் ஒன்றையொன்று பாதிக்கும்படி கணினிக்குள் அமைத்த ஒரு மாதிரிப் பூமியில், அவரும் கென் கால்டீரா முதலிய சகாக்களும் காடுகளையெல்லாம் அழித்துப் புல்லும் புதருமாக்கிப் பார்த்தார்கள். 2007-ல் வெளியான அதன் முடிவு பலரைத் திகைக்கவைத்தது: விடுபட்ட கரியால் சூடு ஏறியபோதிலும், மற்ற இரண்டு பத்திகளையும் சேர்த்துக் கூட்டியபோது உலகம் முழுவதற்குமாகச் சற்றுக் குளிர்ச்சியே மிஞ்சியது.

காரணத்தை இடவாரியாகப் பிரித்து அவர்கள் கண்டார்கள். வடதுருவத்தை அடுத்த தேசங்களில் மரமில்லாத நிலம் மாதக்கணக்காக வெண்பனி போர்த்துக் கிடந்து வெயிலைத் திருப்பி அனுப்பும்; அங்கே காடு எழுந்தால், வெள்ளை விரிப்பின்மேல் கரும் கம்பளத்தைப் போட்டது போலாகும். நம்முடைய உஷ்ணப் பிரதேசத்திலோ பனியே கிடையாது. மரம் விரைந்து வளர்ந்து கரியைச் சேர்ப்பதோடு, ஏராளமான நீரையும் ஆவியாக்கி மேகத்துக்கு உதவுகிறது. ஆகவே உஷ்ணப் பிரதேசத்தில் காடு வளர்ப்பது தெளிவான லாபம். மித வெப்பப் பகுதியில் லாபம் சொற்பம். துருவத்தை அடுத்த பகுதியில் நஷ்டம்.

“அப்படியானால் வடக்கத்திய காடுகளை வெட்டிவிடலாமா?” என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். சூட்டின் கணக்கு ஒன்றே காட்டின் முழுக் கணக்காகாது என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். 2015-ல் பாலா, தேவராஜு, மொடாக் ஆகிய மூவரும் மழையின் கணக்கை எடுத்தார்கள். வடக்கே நடு அட்சரேகைகளிலும் அதற்கு மேலும் பெருமளவில் காடழிந்தால் வடபாதிப் பூமி குளிர்ந்து, பூமத்திய ரேகையை ஒட்டிய மழைப்பட்டை தெற்கே நகர்ந்துவிடுகிறது. அருகிலுள்ள காட்டின் அழிவைவிடத் தொலைவிலுள்ள காட்டின் அழிவே பருவமழையை அதிகம் பாதிக்கிறது. அச்சோதனைகளில் எல்லாரையும்விட நஷ்டப்பட்டது தெற்காசியாதான், இந்தியாவின் மழை 18 சதவீதம் குறைந்தது. திருவாதிரை ஞாற்றுவேலை என்னும் பருவத்து மழையில்தான் மிளகுக்கொடி காய் பிடிக்கும் என்று சொல்லும் இந்த ஊர்க்காரனுக்கு, அந்த எண்ணின் பாரத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஒரு ஏட்டில் வரவாகத் தோன்றியது மறு ஏட்டில் பற்றாக நிற்கிறது. இரண்டையும் ஒருங்கே திறந்துவைப்பவனே கணக்கன், விஞ்ஞானியும் அப்படித்தான்.

இவையெல்லாம் கணினிப் பூமியில், வேண்டுமென்றே மிகைப்படுத்திச் செய்த சோதனைகள் என்பதையும் மறவாதே. எந்தக் காரணம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளவே அவை செய்யப்பட்டன.

உன் கன்று எல்லா ஏட்டிலும் வரவுப் பக்கமே நிற்கக்கூடிய இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் பண்டகசாலையில் சரக்கு வந்து சேர்ந்த பிறகே நாங்கள் வரவு எழுதுவது வழக்கம். நட்ட தேதியை எழுதியிருந்தாய். இனி, கோடை முழுவதும் தண்ணீர் ஊற்றிய தேதிகளையும் எழுது. சாரல் தொடங்கியதும் அதையும் தெரிவி.

இப்படிக்கு,
உன் மாமா