அச்சத்துக்குள் ஒரு கேள்வி இருக்கிறது

"பயப்படாதே" என்று சொல்லி எந்தக் குழந்தையின் பயமும் போனதில்லை. இருட்டைக் கண்டு அழும் குழந்தைக்கு விளக்கைப் போட்டு, மூலையில் நிற்பது சுருட்டி வைத்த பாய்தான் என்று காட்டினால் அழுகை தானாக நிற்கும். தொழில்நுட்ப மாற்றங்களைக் கண்டு பெரியவர்களுக்கு வரும் பயமும் இப்படிப்பட்டதே. அறிவுரையால் அது போகாது, வெளிச்சம் வேண்டும். அந்த வெளிச்சத்தைக் கொடுக்கும் இடத்தில் ஆசிரியர்களாகிய நாம் இருக்கிறோம்.

ஆசிரியர் ஓய்வறையிலும் பெற்றோர் கூட்டத்திலும் அண்மைக் காலத்தில் அடிக்கடி காதில் விழும் மூன்று பேச்சுகளை நினைத்துப் பார்ப்போம். "இந்தச் செயற்கை நுண்ணறிவு என்னவோ மனுஷன் மாதிரியே யோசிக்குதாமே!" என்பது ஒன்று. "இனிமே வாத்தியாரே தேவையில்லையாம்" என்பது இன்னொன்று. "போன்ல கை வச்சா பணம் போயிடும், பிள்ளை கையில கொடுக்காதீங்க" என்பது மூன்றாவது. மூன்றும் பயம்தான். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது, தெரியாததால் வரும் பயம். இரண்டாவது, இருப்பதை இழந்துவிடுவோமோ என்ற பயம். மூன்றாவது, ஏமாற்றப்படுவோமோ என்ற பயம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கண்டுபிடித்து விடை தேடினால் தேவையற்ற பயம் விலகும், தேவையான எச்சரிக்கை மட்டும் தங்கும்.

1. தெரியாததால் வரும் அச்சம்: "இது எப்படி வேலை செய்கிறது?"

1796ஆம் ஆண்டு இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் என்ற மருத்துவர், பால் கறக்கும் பெண் ஒருவரின் கையில் இருந்த மாட்டம்மைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குச் செலுத்தினார். பெரியம்மையைத் தடுக்கும் முறை அப்படித்தான் பிறந்தது. மக்கள் மகிழ்ந்து வரவேற்றார்களா என்றால் இல்லை. மாட்டிலிருந்து எடுத்த பொருளை உடலில் ஏற்றினால் மனிதனுக்கும் கொம்பு முளைக்கும் என்று பலர் அஞ்சினர். ஊசி போட்டுக்கொண்டவர்களின் உடலிலிருந்து மாடுகள் கிளம்பி வருவதுபோல 1802இல் லண்டனில் ஒரு கேலிச்சித்திரமே வெளியானது. அதே 1802இல் பம்பாயில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு இந்தியாவின் முதல் அம்மைத் தடுப்பு மருந்து செலுத்தப்பட்டது. நம் நாட்டிலும் தயக்கம் நீண்ட காலம் இருந்தது. தடுப்பு மருந்து போட்டுக்கொண்டவர்களை அம்மை தாக்கவில்லை என்பதை ஊர் தன் கண்ணால் பார்த்தபோதுதான் தயக்கம் குறைந்தது. 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்துவிட்டதாக அறிவித்தது.

இதை வகுப்பில் சொல்லும்போது ஒரு வீட்டுப்பணி தரலாம். தாத்தா, பாட்டியின் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று பார்த்து, அந்நாளில் ஊரில் என்ன பேசினார்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். மறுநாள் வகுப்பில் குவியும் கதைகள் எந்தப் பாடநூலிலும் கிடைக்காதவை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்கு வருவோம். 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியான பிறகு உலகம் முழுவதும் இது பேச்சாகிவிட்டது. கேட்டால் கட்டுரை எழுதுகிறது, கணக்குப் போடுகிறது என்றதும் வியப்பும் பயமும் சேர்ந்தே வருகின்றன. இது எப்படி வேலை செய்கிறது என்பதன் அடிப்படையைக் கணினி இல்லாமலேயே, ஒரு கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு ஆறாம் வகுப்பு மாணவருக்கும் புரியவைக்கலாம். நான் செய்து பார்த்த முறை இது.

கரும்பலகையில் மூன்று தொடர்களை எழுதுங்கள்.

"மழை வரும்போல் இருக்கிறது, ______ எடுத்துக்கொள்."
"எனக்குப் பிடித்த பழம் ______."
"எங்கள் ஊர்த் திருவிழா ______ மாதத்தில் நடக்கும்."

அடுத்த சொல் எது என்று ஒவ்வொருவரும் ஒரு தாளில் எழுதட்டும். முதல் தொடருக்கு ஏறத்தாழ எல்லாருமே "குடை" என்று எழுதுவார்கள். இரண்டாவதில் மாம்பழம், வாழைப்பழம், கொய்யா என்று விடைகள் பிரியும். எது எத்தனை பேர் என்று பலகையில் எண்ணி எழுதுங்கள். மூன்றாவதில் நம் ஊர்ப் பிள்ளைகள் சரியாக எழுதுவார்கள். வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த மாணவர் மட்டும் ஊகித்து ஒரு மாதத்தை எழுதியிருப்பார். அது பெரும்பாலும் தவறாக இருக்கும்.

இப்போது விளக்குங்கள். இந்தச் செயலிகள் கோடிக்கணக்கான பக்கங்களிலிருந்து, எந்தச் சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதைக் கற்றிருக்கின்றன. நாம் ஒரு கேள்வி கேட்டால், பொருத்தமான அடுத்த சொல்லை ஒவ்வொன்றாகத் தேர்ந்து விடையைக் கோக்கின்றன. அதிகம் எழுதப்பட்ட செய்திகளில் விடை பெரும்பாலும் சரியாக இருக்கும். நம் ஊர் ஏரி, நம் ஊர்த் திருவிழா போன்ற அரிதான செய்திகளில் அந்த வெளியூர் மாணவரைப்போல ஊகித்துவிடும். மாணவராவது தயங்கி எழுதுவார். இயந்திரமோ தவறையும் அடித்துச் சொல்லும். ஆகவே அது தரும் விடையைப் பாடநூலோடும் பிற நம்பகமான நூல்களோடும் ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

இந்த ஒரு செயல்பாட்டில் இரண்டு நன்மைகள் உண்டு. இயந்திரத்துக்குள் பூதம் இல்லை என்பது தெரிகிறது. அது சொல்வதெல்லாம் வேதவாக்கு இல்லை என்பதும் தெரிகிறது. 1966இல் ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் எலிசா என்ற எளிய உரையாடல் நிரலை உருவாக்கினார். நாம் தட்டச்சு செய்ததையே சற்றுத் திருப்பிப் போட்டுக் கேள்வியாகக் கேட்பதுதான் அதன் வேலை. ஆனாலும் அது தங்களைப் புரிந்துகொள்கிறது என்று பலர் நம்பியதைக் கண்டு, உருவாக்கியவரே கவலைப்பட்டார். அளவு மீறிய பயமும் அளவு மீறிய நம்பிக்கையும் ஒரே அறியாமையின் இரண்டு பிள்ளைகள்.

2. இழப்போம் என்ற அச்சம்: "யாருக்கு ஆதாயம், யாருக்கு நட்டம்?"

இரண்டாவது அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. 1811இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பகுதியில் காலுறை பின்னும் தொழிலாளர்கள் இரவில் கூட்டமாகச் சென்று பின்னல் இயந்திரங்களை உடைத்தார்கள். லுடைட்டுகள் என்று அவர்களை அழைத்தனர். "இயந்திரம் புரியாத முரடர்கள்" என்ற பொருளில்தான் இச்சொல் இன்று பயன்படுகிறது. உண்மையில் அவர்களில் பலர் அந்த இயந்திரங்களிலேயே பல ஆண்டுகள் வேலை செய்த தேர்ந்த தொழிலாளர்கள். பயிற்சி பெறாதவர்களைக் குறைந்த கூலிக்கு வைத்து மட்டமான துணியை மலிவாகத் தயாரிக்க முதலாளிகள் இயந்திரத்தைப் பயன்படுத்தியதுதான் அவர்களின் கோபம். இயந்திரத்தை உடைத்தால் மரண தண்டனை என்று 1812இல் சட்டம் வந்தது. அச்சட்டத்தை எதிர்த்துக் கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் பேசினார். அடுத்த ஆண்டு யார்க் நகரில் பலர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை சொல்ல அன்று யாரும் முன்வரவில்லை.

நம் நாட்டில் வங்கிகளில் கணினி வந்தபோதும் வேலை போய்விடும் என்ற அச்சம் எழுந்தது. 1983இல் வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் அமர்ந்து பேசி, கணினிமயம் குறித்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிறகும் கட்டம் கட்டமாகப் பேச்சு தொடர்ந்தது. பேரேடுகளில் கையால் எழுதிய தலைமுறையே பிறகு கணினித் திரையின் முன் அமர்ந்தது. இழப்பு பற்றிய பயத்துக்கு மருந்து பேச்சும் பயிற்சியும் என்பதற்கு இது நம் கண்முன் உள்ள சான்று.

சமூக அறிவியல் ஆசிரியர்கள் தொழிற்புரட்சிப் பாடத்தை நடத்தும்போது வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவைப் பின்னல் தொழிலாளராகவும், ஒரு குழுவை ஆலை முதலாளியாகவும், ஒரு குழுவைத் துணி வாங்கும் ஏழைக் குடும்பமாகவும் பேச வைக்கலாம். ஒரே இயந்திரம் மூவருக்கும் மூன்று விதமாகத் தெரிவதை மாணவர்கள் தாங்களே உணர்வார்கள்.

ஆசிரியர் வேலை என்னவாகும் என்ற கேள்வியையும் இதே முறையில் பிரித்துப் பார்க்கலாம். நாம் செய்யும் பணிகளைப் பட்டியலிடுவோம். வினாத்தாள் தயாரித்தல், பயிற்சித்தாள் உருவாக்குதல், படம் தேடுதல் போன்றவற்றில் இயந்திரம் கைகொடுக்கும். காலையில் சாப்பிடாமல் வந்து சுருண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டுகொள்வது, பத்து நாளாக வராத மாணவரின் வீட்டுக்குப் போய் அழைத்து வருவது, "கழித்தலில் கடன் வாங்குவது" புரியாமல் விழிக்கும் கண்களைப் பார்த்து விளக்கத்தை மாற்றுவது ஆகியவை நம்மிடமே இருக்கின்றன. முதல் வகைப் பணியில் நேரம் மிச்சமானால் அதை இரண்டாம் வகைப் பணிக்குக் கொடுக்கலாம்.

3. ஏமாறுவோம் என்ற அச்சம்: "எங்கே கவனமாக இருக்க வேண்டும்?"

இந்த அச்சத்துக்கு மிகுந்த விலை கொடுப்பவர்கள் நம் மாணவிகள். வீட்டில் இருப்பது ஒரே திறன்பேசி. அது மகன் கைக்குப் போகும் அளவுக்கு மகள் கைக்குப் போவதில்லை. காரணம் கேட்டால் "ஊர்ல நடக்குறதக் கேட்டா பயமா இருக்கு" என்பார்கள்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாணவி மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க இணைய மையத்துக்குப் போயிருக்கிறாள். வீட்டிலிருந்த அம்மாவின் கைபேசிக்கு ஓடிபி வந்தது. அம்மா எண்ணைச் சொல்ல மறுத்துவிட்டார். விண்ணப்பம் பாதியில் நின்றது. மறுநாள் கடைசி நாள். மாணவி அழுதுகொண்டு வந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றேன்.

"ஓடிபி சொன்னா பணம் போயிடும்னு டிவியில சொன்னாங்களே டீச்சர், அதான் சொல்லல" என்றார் அம்மா.

"நீங்க செஞ்சது சரிதாம்மா. போன்ல யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. ஆனா அது என்ன எண்ணுன்னு தெரிஞ்சுக்கிட்டா இன்னும் நல்லது" என்று கூறி, அந்தக் குறுஞ்செய்தியைத் திறந்து படித்துக் காட்டினேன். எந்தச் செயலுக்காக அந்த எண் வந்திருக்கிறது என்பது அதிலேயே இருந்தது. கைபேசி உண்மையிலேயே நம்முடையதுதானா என்று உறுதிசெய்ய அனுப்பப்படும் தற்காலிகச் சாவி அது. நாமே தொடங்கிய வேலைக்கு வந்ததா, நாம் கேட்காமல் வந்ததா என்பதுதான் பார்க்க வேண்டியது. மறுநாள் அம்மாவே கைபேசியோடு மகளுடன் இணைய மையத்துக்குப் போய்த் தம் கையாலேயே எண்ணைப் பதிவிட்டார். விண்ணப்பம் சேர்ந்தது.

அரைகுறையாகக் கேட்ட ஓர் எச்சரிக்கை ஒரு பெண்ணின் படிப்பை ஓராண்டு தள்ளிப்போட்டிருக்கும். "செய்யாதே" என்ற பட்டியலோடு காரணத்தையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாணவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய செய்திகள் இவை:

• யுபிஐ முறையில் நமக்குப் பணம் வருவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் அனுப்பத்தான் அது தேவை. "பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடி.
• நாம் தொடங்காத வேலைக்கு ஓடிபி வந்தால், நம் பெயரில் வேறு யாரோ முயல்கிறார்கள் என்று பொருள். அந்த எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது.
• காணொளி அழைப்பில் கைது செய்யும் முறை நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது. காவல் உடையில் திரையில் தோன்றி மிரட்டினால் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.
• உறவினர் குரலிலேயே பணம் கேட்டு அழைப்பு வந்தாலும், குரலைப் போலியாக உருவாக்க முடியும் என்பதால், நமக்குத் தெரிந்த அவருடைய எண்ணுக்கு நாமே திரும்ப அழைத்து உறுதிசெய்ய வேண்டும்.
• பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். விரைந்து தெரிவித்தால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடும்.

ஒரு பாடவேளைக்கான திட்டம்: அச்சப் பெட்டி

எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு 45 நிமிடங்களில் இதைச் செய்யலாம். தேவையானவை ஒரு அட்டைப் பெட்டியும் சிறு தாள்களும் மட்டுமே.

முதல் 10 நிமிடம்: தொழில்நுட்பம் பற்றித் தமக்கோ வீட்டாருக்கோ உள்ள ஒரு பயத்தைப் பெயர் குறிப்பிடாமல் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். பெயர் இல்லாததால் மனத்தில் உள்ளது வெளியே வரும்.

அடுத்த 10 நிமிடம்: தாள்களைப் படித்து, தெரியாமை, இழப்பு, ஏமாற்றம் என்று கரும்பலகையில் மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று மாணவர்களே முடிவு செய்யட்டும். தனிப்பட்ட துன்பத்தையோ மிரட்டலையோ சொல்லும் தாள் இருந்தால் அதை வகுப்பில் படிக்காமல் எடுத்து வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை வகுப்புக்குப் பொதுவாக எழுதிப்போட்டு, தனியாக வந்து பேசலாம் என்று எல்லாரிடமும் சொல்லுங்கள்.

அடுத்த 15 நிமிடம்: குழுவுக்கு ஒரு பயம் கொடுத்து, அதைக் கேள்வியாக மாற்றச் சொல்லுங்கள். "ரோபோ வந்தால் அப்பா வேலை போய்விடும்" என்பது "அப்பாவின் வேலையில் எந்தப் பகுதியை இயந்திரம் செய்யும்? எதைச் செய்யாது? அவர் புதிதாக எதைக் கற்கலாம்?" என்று மாறும்.

கடைசி 10 நிமிடம்: விடையை யாரிடம் கேட்கலாம் என்று பட்டியலிடுங்கள். ஊர் வங்கி ஊழியர், அஞ்சலகப் பணியாளர், காவல் நிலையத்தார், கணினி ஆசிரியர், மருத்துவர் என்று ஊரிலேயே பலர் இருப்பார்கள். ஒரு வாரத்தில் விடையோடு வர வேண்டும். கொண்டு வந்த விடையைப் பள்ளிக் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு நிமிடம் பேசலாம்.

தொடக்க வகுப்புகளில் இதையே "இது எப்படி வேலை செய்கிறது?" என்ற வாராந்திரக் கேள்வியாக்கலாம். பழைய டார்ச் விளக்கு, பழுதான கடிகாரம் போன்றவற்றின் மின்கலத்தை அகற்றிவிட்டு, திறந்து பார்க்கக் கொடுத்தாலே போதும். ஒரு பொருளைத் திறந்து பார்த்த குழந்தை, அடுத்த புதுப்பொருளைக் கண்டு ஒதுங்காது.

நமக்கும் இது பொருந்தும். திறன் பலகையோ புதிய செயலியோ பள்ளிக்கு வரும்போது, இளைய ஆசிரியரிடம் கேட்பதிலும் மாணவரிடம் கேட்பதிலும் குறைவு ஒன்றுமில்லை. "எனக்கு இது தெரியாது, வா சேர்ந்து பார்ப்போம்" என்று ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் மாணவர், தெரியாததை அணுகும் முறையையே கற்றுக்கொள்கிறார்.

பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படுவதையும் அறிவின் அடையாளமாகவே வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைக்கிறார். எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டியதில்லை என்று பிரித்தறியக் கற்பிப்பதே நம் வேலை. இந்த வாரம் ஏதாவது ஒரு வகுப்பில் அந்த அட்டைப் பெட்டியை வைத்துப் பாருங்கள். உள்ளே விழும் தாள்களில் அடுத்த மாதத்துக்கான பாடங்கள் கிடைக்கும்.