காப்பகத்தில் பிள்ளைகளுக்கு நோய் பரவாமல் காப்போம்



காப்பகத்திலோ பால்வாடியிலோ சேர்த்த முதல் சில மாதங்களில் பிள்ளைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு என மாறி மாறி வருவதைக் கண்டு பலரும் கவலைப்படுகிறோம். இரண்டு வயதுப் பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். மூக்கைத் துடைத்த கையாலேயே அடுத்த பிள்ளையின் பொம்மையை எடுக்கும். நோயே வராமல் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் ஒரு பிள்ளையின் நோய் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரவுவதை வெகுவாகக் குறைக்கலாம்.

கிருமி பரவும் வழி

சளிக் காய்ச்சல் இருமல், தும்மல் துளிகளாலும் சளி பட்ட கைகளாலும் பரவுகிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா, நோரோ வைரஸ்கள் மலத்திலிருந்து கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் செல்கின்றன. 2022-இல் கேரளத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பேசப்பட்டதை நினைவில் கொள்வோம். அது கை, கால், வாய் நோயின் ஒரு வகை என்றே பின்னர் கருதப்பட்டது. கை, கால், வாய் நோய் எச்சில், சளி, கொப்புள நீர், மலம் ஆகியவற்றால் தொற்றும். கொப்புளம் ஆறிய பிறகும் பல வாரங்கள் மலத்தில் கிருமி வெளியேறும். ஆகவே பிள்ளை தேறிவிட்டாலும் கை கழுவுவதை விடக்கூடாது.

கை கழுவ வேண்டிய நேரங்கள்

1. டயப்பர் மாற்றிய பின்
2. கழிப்பறை சென்று வந்த பின்
3. மூக்கைத் துடைத்த பின்
4. உணவைத் தொடும் முன், ஊட்டும் முன்

இது பிள்ளைக்கும் ஆயாவுக்கும் பொதுவானது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவ வேண்டும். குழாய் இல்லையென்றால் ஒருவர் குவளையால் ஊற்றலாம். ஒரே வாளியில் எல்லாப் பிள்ளைகளின் கையையும் முக்கி எடுப்பதும், ஒரே துண்டில் துடைப்பதும் கிருமியைப் பகிர்ந்து கொடுப்பதாகும். ஒளூச் செய்யப் பழகும் பிள்ளைக்கு, கழிப்பறை சென்று வந்தால் முதலில் சோப்பு, பிறகு ஒளூ என்று சொல்லிக் கொடுப்போம். சானிடைசர் நோரோ வைரஸுக்கு எதிராக அவ்வளவாகப் பயன்படாது. சோப்பும் தண்ணீருமே நல்லது.

வாயில் வைத்த பொம்மையைத் தனியே எடுத்து வைத்து, கழுவி, வெயிலில் காய வைக்க வேண்டும். வாந்தியோ மலமோ பட்ட தரையை முதலில் துடைத்துச் சோப்பு நீரால் கழுவ வேண்டும். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத பிளீச் திரவம் 20 மில்லி கலந்து தடவி, 10 நிமிடம் விட்டுத் துடைக்கலாம். அப்போது பிள்ளைகளை அடுத்த அறையில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பிளீச்சுடன் கழிப்பறை ஆசிட்டைச் சேர்த்தால் நச்சுப் புகை வரும், சேர்க்கவே கூடாது.

காய்ச்சலோடு அனுப்பலாமா?

ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால்தான் காலையில் பாரசிட்டமால் கொடுத்து அனுப்பும் நிலை வருகிறது. மருந்து காய்ச்சலைத் தணிக்கும், தொற்றுவதைத் தடுக்காது. மருந்தில்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்தால் அனுப்பலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு நின்று 48 மணி நேரம் ஆக வேண்டும். சின்னம்மைக் கொப்புளங்கள் எல்லாம் பொருக்குத் தட்ட வேண்டும்.

இந்தச் சுமையைத் தாயின் தலையில் மட்டும் போட்டால் நடக்காது. தந்தை ஒரு நாள், பாட்டி ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்வோம். உறவில்லாத வீட்டுக்கு மஹல்லாவில் உள்ளவர்கள் துணை நிற்போம். நோயை மறைக்காமல் சொல்லும் தாயைக் காப்பகமும் குறை கூறக் கூடாது.

தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். ரோட்டா சொட்டு மருந்து 6, 10, 14-ஆம் வாரங்களில் தரப்படுகிறது. தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 முதல் 12 மாதத்திலும், மீண்டும் 16 முதல் 24 மாதத்திலும் போடப்படுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இலவசம். விடுபட்டிருந்தால் இந்த வாரமே செவிலியரிடம் கேளுங்கள்.

கை கழுவும் நேரங்கள் நான்கையும் ஒரு தாளில் எழுதி, காப்பகத்தின் குழாயருகே ஒட்டுவோம். பக்கத்தில் ஒரு சோப்பும் இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் நோயில் படுக்கும் நாட்கள் குறையும்.