வெப்ப நாட்டுப் பின்னலாடை

ஜார்ஜ்டவுனில் நண்பகல் வெப்பம் 32 பாகை செல்சியசைத் தொடும். காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வையும் எளிதில் உலராது. ஆனால், அந்த வெயிலிலிருந்து பேருந்திலோ நூலகத்திலோ நுழைந்த சிறிது நேரத்தில் குளிர்சாதனம் நம்மை நடுங்க வைத்துவிடுகிறது. தடித்த ஸ்வெட்டரை அணிந்தால் வெளியே புழுக்கம். அணியாவிட்டால் உள்ளே நடுக்கம். குளிர்சாதனத்தின் குளிரைச் சற்றுக் குறைத்தாலே போதுமே என்பாரும் உளர். அதுவும் சரியே. ஆயினும், அந்த விசை நம் கையில் இருப்பதில்லை. உடைதான் நம் கையில் இருக்கிறது.

பின்னிய உடை என்றாலே கதகதப்பானது எனப் பலரும் எண்ணுகின்றனர். கம்பளி ஸ்வெட்டரின் கதகதப்புக்குப் பெரிதும் காரணம் அதன் இழையே. ஆட்டு உரோமம் இயல்பாகவே சுருண்டிருக்கும். அச்சுருள்களுக்கிடையே சிக்கிய காற்று உடல் வெப்பத்தை எளிதில் வெளியேற விடாது. பருத்தியோ வியர்வையை உறிஞ்சிக் காற்றில் மெல்ல வெளியேற்றும். உங்கள் உடற்கல்வி டி-சட்டையை உற்றுப் பாருங்கள். ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற சிறு கண்ணிகள் வரிசையாகத் தெரியும். அதுவும் பின்னலாடைதான்! நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும். பின்னல் துணியில் நூல் கண்ணியாக வளைந்து, ஒன்றனுள் ஒன்று கோக்கப்படுகிறது. அதனால்தான் அது இழுத்தால் நீள்கிறது.

வெப்ப நாட்டுப் பின்னலாடைக்குப் பெயர் பெற்ற ஊர் தமிழ்நாட்டின் திருப்பூர். ‘பனியன் நகரம்’ என்று அழைக்கப்படும் அவ்வூரில் வட்டப் பின்னல் இயந்திரங்கள் பருத்தி நூலைக் குழாய் வடிவத் துணியாகப் பின்னுகின்றன. சில பனியன்களின் பக்கவாட்டில் தையலே இல்லாதிருப்பதன் இரகசியம் இதுவே. நூலின் பருமனை அங்கு எண்ணால் குறிப்பர். எண் கூடக் கூட நூல் மெலியும்; 20ஆம் எண் நூலைவிட 40ஆம் எண் நூல் மெல்லியது.

அத்துணிக்கு ஏற்றிய வண்ணத்துக்கு நொய்யல் ஆறு விலை கொடுத்தது. பாசனத்திற்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணைநீரைத் திறந்துவிட வேண்டா என்று உழவர்களே எதிர்க்கும் நிலை உருவானது. 2011ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. ஆயிரக்கணக்கானோரின் பிழைப்பு அவற்றை நம்பியிருந்தது. ஆற்றை நம்பியிருந்தோரும் பலர். அதன்பின், கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அங்கு வேரூன்றியது.

இனி, கையால் பின்னும் மெல்லிய ஸ்வெட்டருக்கு வருவோம். சாயமேற்றாத பருத்தி நூல் இளமஞ்சள் கலந்த வெண்மையாக இருக்கும், அந்நிறமே அழகுதான். பருத்தி, கம்பளியைவிடக் கனமானது. ஆகவே, தடித்த நூலில் பின்னினால் உடை தோளிலிருந்து தொங்கிவிடும். மெல்லிய நூலையும் அதற்கு வழக்கமாகப் பயன்படுத்துவதைவிடச் சற்றுப் பருத்த ஊசியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது கண்ணிகள் தளர்ந்து, காற்றுக்கு வழி கிடைக்கும். இன்னும் காற்றோட்டம் வேண்டுமா? நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அடுத்த இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள். அவ்விடத்தில் சிறு துளை விழும். கண்ணிகளின் எண்ணிக்கையோ மாறாது. இத்துளைகளை வரிசைப்படுத்தினால் பூவேலைப்பாடும் அமையும்.

பொறுமையற்றோர் பெரும்பாலும் விட்டுவிடும் வேலை ஒன்றுண்டு. முதலில் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் சதுரத்திற்கு மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னி, துவைத்து, உலர்த்திய பிறகு, அதன் நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணிகள் உள்ளன என எண்ண வேண்டும். துவைத்தபின் பருத்தியின் அளவு மாறக்கூடும். மார்பளவைக் கொண்டு கணக்கிடும்போது துவைத்த துண்டின் அளவே கைகொடுக்கும்.

பின்னி முடித்த ஸ்வெட்டரைத் துவைத்தபின், அடுக்குமாடி வீடுகளில் வழக்கமாகச் செய்வதுபோல் கழியில் தொங்கவிடலாகாது. ஈரத்தின் கனம் கண்ணிகளை இழுத்து, உடையை நீளமாக்கிவிடும். துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும்.