இ.என்.8 எஃகும் எங்கள் வீட்டுத் தறியும்

ஆர்.கே.பேட்டையில் பகல் வேளையில் எந்தத் தெருவில் நடந்தாலும் விசைத்தறியின் ஓசை கேட்கும். அந்த ஓசை ஒரு வீட்டில் நின்றுவிட்டால் அன்றைய கூலியும் நின்றது என்று பொருள். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுத் தறி இருமுறை நின்றது. இருமுறையும் பழுதானது தறியின் அடியில் சுழலும் ஷாஃப்ட்தான். முதல் முறை வளைந்தது, மறுமுறை ஒடிந்தது. ஒடிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் தந்தையார் கேட்டார்: "ஏண்டா, காலேஜ்ல இரும்பைப் பத்தி ஒண்ணுமே சொல்லித் தர்றதில்லையா?" இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவனாகிய எனக்கு அன்று விடை தெரியவில்லை. தேடிக் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

தறியின் சட்டமும் பற்சக்கரங்களும் வார்ப்பிரும்பு. உருக்கி அச்சில் ஊற்றியவை. ஓங்கி அடித்தால் உடையும். ஷாஃப்ட் அப்படியன்று. சூடான எஃகை உருளைகளுக்கிடையே அழுத்தி நீட்டிய கம்பியிலிருந்து அதைக் கடைந்தெடுக்கிறார்கள். நாடாவை இடமும் வலமும் விரட்டும் அடி முழுவதும் இதன் வழியேதான் செல்கிறது. நிமிடத்திற்கு 120 ஊடை ஓடும் தறியில் இந்த ஷாஃப்ட் 60 முறை சுழலும். பத்து மணி நேரத்தில் 36,000 சுற்றுகள்!

முதலில் வளைந்தது கட்டட வேலைக்கு விற்கும் சாதாரண மெல்லிரும்புக் கம்பி. பிறகு எல்லோரும் சொன்னபடி இ.என்.8 வாங்கினோம். இது 1941ல், போர்க்காலத்தில், பிரிட்டனில் வகுத்த எஃகுப் பட்டியலில் எட்டாவது. பட்டியல் பழையதாகியும் நம் லேத் பட்டறைகளில் பெயர் மாறவில்லை. இந்தியத் தரத்தில் இதற்கு இணையானது 40சி8. அந்தப் பெயரே ஒரு சூத்திரம்: கார்பன் சராசரி 0.40 சதவிகிதம், மாங்கனீசு 0.8 சதவிகிதம்.

இவ்வளவு சிறிய கார்பன் என்ன செய்துவிடும் என்று நண்பர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இரும்பு 912 டிகிரி செல்சியஸில் தன் படிக அமைப்பையே மாற்றிக்கொள்கிறது. மேலே உள்ள அமைப்பில் கார்பன் தாராளமாகக் கரையும்; கீழே உள்ளதில் 0.02 சதவிகிதம்கூடக் கரையாது. கார்பன் கலந்த எஃகில் இம்மாற்றம் 727 டிகிரி வரை இறங்கி நடைபெறும். காற்றில் மெதுவாக ஆறினால், வெளியேறும் கார்பன் இரும்புடன் சேர்ந்து மெல்லிய அடுக்குகளாகப் படிகிறது; இ.என்.8ல் ஏறக்குறையப் பாதி இடம் இவ்வடுக்குகளே. செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலோ வெளியேற நேரமின்றிக் கார்பன் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. எஃகு கண்ணாடிபோல் கடினமாகிறது. கண்ணாடிபோலவே நொறுங்கவும் செய்கிறது.

எங்கள் இரண்டாவது ஷாஃப்டுக்கு நேர்ந்தது இதுதான். "உறுதியாக இருக்கட்டும்" என்று ஒரு பட்டறையில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தந்தார்கள். ஆறாம் நாள், சாவிக்காடியின் கூரிய மூலையில் தொடங்கி ஒடிந்தது. முக்கியபின் மீண்டும் 550 முதல் 660 டிகிரி வரை சூடாக்கி ஆறவிட வேண்டும். இந்த இரண்டாவது சூட்டைத்தான் விட்டுவிட்டார்கள். நல்ல எஃகு, நல்ல எண்ணம், பாதி வேலை!

இனி, என்னை வியப்பில் ஆழ்த்திய செய்திக்கு வருகிறேன். நம் ஆய்வுக்கூடத்தில் மரச்சட்டத்தை வளைத்து யங் குணகம் காண்கிறோம் அல்லவா? ஆசிரியரின் அனுமதியுடன் அதே இடத்தில் 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிரும்புக் கம்பி ஒன்றையும் இ.என்.8 கம்பி ஒன்றையும் வைத்துப் பார்த்தேன். கத்தி முனைகளின் இடைவெளி 80 சென்டிமீட்டர். நடுவில் ஒரு கிலோ. இ.என்.8 குறைவாக வளையும் என்றே நம்பினேன். நுண்ணோக்கியில் இரண்டுமே ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இறங்கின! யங் குணகம் எல்லா எஃகுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே: சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,00,000 நியூட்டன்.

அப்படியானால் கூடுதல் விலை எதற்கு? வளைவதில் வேறுபாடு இல்லை. திரும்பி வருவதில்தான் உண்டு. மெல்லிரும்பின் மீட்சி எல்லை சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன். இ.என்.8 வெறுமனே ஆறியிருந்தால் 280. முறையாகப் பதமிட்டிருந்தால் 465. என் கம்பிகளுக்குக் கணக்கிட்டால், மெல்லிரும்பு பன்னிரண்டரைக் கிலோவில் எல்லையைத் தொடும். பதமிட்டது 23 கிலோ தாங்கும். (துறையின் கம்பிகளைக் கெடுக்க விருப்பமின்றி இதைக் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டேன்.) 250க்கும் 280க்கும் அதிக தூரமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இ.என்.8 என்ற பெயருக்கு மட்டும் பணம் கொடுப்பவர் பாதிப் பயனைக்கூடப் பெறுவதில்லை.

மூன்றாவது முறை, பதமிட்டே விற்கும் கம்பியாகக் கேட்டு வாங்கினோம். சாவிக்காடியின் மூலைகளைச் சற்று வளைவாக வெட்டித் தரும்படி கடைசல்காரரிடம் சொன்னேன். "எந்தப் பட்டறையில தம்பி வேலை கத்துக்கிட்டே?" என்று சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார். அவரிடம் நான் கற்றதும் ஒன்றுண்டு. கம்பியைச் சாணைக்கல்லில் வைத்தால் மெல்லிரும்பின் பொறிகள் நீண்ட கோடுகளாக ஓடும். கார்பன் கூடக் கூட நுனியில் மத்தாப்புப்போல் கிளைத்து வெடிக்கும். பதமிட்டதா என்பதை இது காட்டாது, மெல்லிரும்பை இ.என்.8 என்று தலையில் கட்டினால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஷாஃப்ட் போட்டு எட்டு மாதமாகிறது. புஷ் மட்டும் ஒருமுறை மாற்றினோம். என் தந்தையார் இப்போது கம்பி வாங்கப் போனால், விலை கேட்கும் முன் கடையில் சாணைக்கல் உண்டா என்று கேட்கிறார்.