சிரமதானமும் கிராமத்தின் பலமும்

சிரமதானம் என்னும் சொல் கிராம மக்களுக்குப் புதியதன்று. திருவிழாவுக்கு முன் வீதி துப்புரவாக்குவதையும் கேணி இறைப்பதையும் அப்பெயராலேயே அழைப்பர். சிரமம் என்பது உழைப்பு. தானம் என்பது கொடை. ஆயினும் மண்வெட்டியும் கடகமும் கொண்டு செய்யும் வேலை என்ற அளவில் அதன் பொருள் இன்று சுருங்கிவிட்டது. இலங்கையில் அது ஓர் இயக்கமாக எழுந்த கதை சற்று வேறானது.

1958 ஆம் ஆண்டு மார்கழி மாதம், கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியராயிருந்த ஏ. ரி. ஆரியரத்ன, தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் கிராமத்துக்குச் சென்றார். அங்கு வாழ்ந்தோர் ரொடியா எனப்பட்ட மக்கள். தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்கள். பிச்சையெடுத்தே சீவிக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டவர்கள். நகரத்துப் பிள்ளைகள் அவர்களுடனேயே தங்கி, அவர்களுடனேயே உண்டு, அவர்களோடு சேர்ந்து கிணறு வெட்டினர், மலசலகூடம் அமைத்தனர், வீட்டுத்தோட்டம் செய்தனர். "சேர்ந்து" என்பதே இங்கு கவனிக்க வேண்டிய சொல். பொருளைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தால் அதுவும் மற்றொரு பிச்சையாகவே முடிந்திருக்கும். வாங்குவதற்கே உரியோர் என எண்ணப்பட்டவர்கள் அன்று கொடுப்பவர்களும் ஆனார்கள்.

இம்முயற்சியிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. சர்வோதயம் என்பது காந்தியடிகள் 1908 இல் ஆக்கிய சொல். ஆரியரத்ன 1969 இல் மகசேசே விருது பெற்றார்; 2024 சித்திரையில் காலமானார்.

இவ்வியக்கத்தின் சிரமதான முகாம்களில் வேலையோடு "குடும்ப ஒன்றுகூடல்" என்றொன்றும் நடைபெறும். பெரியவர், சிறியவர், ஆண், பெண் என எல்லோரும் ஒன்றாக அமர்ந்து, அம்மா, அண்ணா, தங்கை என ஒருவரையொருவர் உறவுமுறை சொல்லி அழைத்துப் பேசுவர். பாட்டும் உண்டு. வேலைக்கு வந்தவர் யார், எந்தச் சாதி, எவ்வளவு படித்தவர் என்ற கேள்விக்கு அங்கு இடமில்லை. பின்னர் சிறுவர், தாய்மார், இளைஞர், கமக்காரர், முதியோர் எனத் தனித்தனிக் குழுக்கள் அமையும். ஒவ்வொரு குழுவுக்கும் செய்யக்கூடிய ஏதோ ஒன்று உண்டு என்பதே அதன் அடிப்படை.

இனி, வழமையான ஊர்க்கூட்டம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சனசமூக நிலையமாயினும் ஆலய பரிபாலன சபையாயினும் கூட்ட அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் குறைகளே காணப்படும். ஒழுங்கையில் வெள்ளம், மடத்துக்குக் கூரை இல்லை, இளைஞர் வருவதில்லை. முடிவில் வெளிநாட்டிலுள்ள உறவினருக்குக் கடிதம் எழுதத் தீர்மானமாகும்! அதே கூட்டத்தின் பின்வரிசையில் கிடுகு பின்னும் ஆச்சி இருப்பார்; மேசன் இருப்பார்; மாரிவெள்ளம் முன்னர் எவ்வழியாக ஓடியது என்பதை அறிந்த வயோதிபர் இருப்பார். அவர்களை எவரும் கேட்பதில்லை. சிலரைக் கேளாமைக்குக் காரணம் மறதியன்று. சாதி பார்த்து விலக்கும் வழக்கம் சைவ ஊர்களுக்கும் அந்நியமானதன்று. உழவாரப்படை ஏந்திய அப்பர் சுவாமிகளைப் போற்றும் ஊர்களில் இதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

ஆகவே, "என்ன குறை?" என்பதற்கு முன் "யாருக்கு என்ன தெரியும், யாரிடம் என்ன உண்டு?" என வீடு வீடாகக் கேட்டு எழுதுவது நன்று. இளைஞர் முதியோரைக் கேட்டு எழுதினால் இன்னும் சிறப்பு. ஒரு கொப்பியும் சில மாலைப்பொழுதுகளும் போதும்.

வீதிக்குத் தார் போடுவது பிரதேச சபையின் கடமை. அதனைச் சிரமதானத்தால் ஈடுசெய்ய வேண்டியதில்லை. ஆனால் வெள்ளவாய்க்காலைத் தாமே வெட்டி முடித்த ஊரவரின் கையொப்பத்தோடு போகும் விண்ணப்பத்தை எளிதில் ஒதுக்கிவைக்க முடியாது.